லேயர் கட்: ‘அடுக்கு’ என்ற ஒரு சொல் போதுமா?

மடல் 1: தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

பெண்களுக்கான முடிவெட்டுக் கைந்நூலில் குட்டை லேயர் கட் (முடியை அடுக்கடுக்காக வெவ்வேறு நீளத்தில் வெட்டுவது) பற்றிய இயல் முடியும் தறுவாயில் இருக்கிறது. படங்கள் தயார், சொற்கள்தான் இழுத்துக்கொண்டிருக்கின்றன. இப்போதைக்கு லேயருக்கு அடுக்கு, கிராஜுவேஷனுக்குப் படியடுக்கு, எலிவேஷனுக்கு (வெட்டும்போது முடியைத் தூக்கிப் பிடிக்கும் கோணம்) உயர்த்துகோணம், கைடுக்கு (மற்ற முடிக்கு அளவாக முதலில் வெட்டும் முடி) வழிகாட்டிமுடி, வால்யூமுக்கு அடர்த்தி, மூவ்மென்ட்டுக்கு அசைவு என்று போட்டிருக்கிறேன். கத்தரி பிடிக்கும் நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள். பார்லர்களில் ஸ்டெப் கட், லேயர் கட் இரண்டும் புழங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே சொல் வைக்கலாமா?

மடல் 2: முடிவெட்டுப் பயிற்றுநர், கோவை

வணக்கம் ஐயா.

அசைவு சரி, அது அப்படியே இருக்கட்டும். முதலில் மாற்ற வேண்டியது அடர்த்தி. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை முடி முளைத்திருக்கிறது என்பதுதான் அடர்த்தி. எந்த வெட்டும் அதைக் கூட்டாது. லேயர் செய்வது இதற்கு நேர்மாறு: முடியின் எடையைக் குறைக்கிறது, அதனால் வேர்ப்பக்கம் நிமிர்கிறது. ஒரு முனையில் பிடிக்கப்பட்ட மெல்லிய கம்பி தன் எடையாலேயே தொய்வது, வளைவு சிறிதாக இருக்கும்வரை, நீளத்தின் நான்காம் அடுக்குக்கு (இது கணக்கில் வரும் அடுக்கு: நீளம் × நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடும். நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்கு. குட்டை முடி நிற்பதும் நீள முடி மண்டையோடு படிவதும் இதனால்தான்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. ‘அடர்த்தி கூடும்’ என்று படித்த மாணவி, மெல்லிய முடிக்காரருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக வெட்டித் தள்ளுவாள். உச்சி எழும்பும், ஆனால் கீழ் ஓரம் ஓட்டை விழுந்து கழுத்துத் தோல் தெரியும். மெல்லிய முடிக்கு உச்சியில் மட்டும் கொஞ்சம் எடை குறைத்து, கீழ் ஓரத்தைக் கனமாக விட வேண்டும். வேர் நிமிர்வதற்கு ‘எழும்பல்’ என்று வையுங்கள்.

அடுத்தது லேயரும் கிராஜுவேஷனும். இரண்டும் வெவ்வேறு. 1962-இல் சிகாகோவில் லியோ பாசாஜ் தொடங்கிய பிவட் பாயின்ட் பயிற்சி முறை எல்லா வெட்டுகளையும் நான்கு அடிப்படை வடிவங்களாகப் பிரிக்கிறது. அதிலும் இவை தனித்தனிதான். முடியைத் தலைத்தோலிலிருந்து 90 பாகைக்குக் குறைவாகப் பிடித்து வெட்டினால், நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி உட்கார்ந்து ஓரிடத்தில் கனம் சேரும். அது கிராஜுவேஷன். 90-க்கும் அதற்கு மேலும் பிடித்து வெட்டினால் நுனிகள் விலகிப் பரவும், கனம் கலையும். அது லேயர். 1974-இல் லண்டனில் முடிவெட்டுக் கலைஞர் ட்ரெவர் சோர்பி கொண்டுவந்த வெட்ஜ் என்ற வெட்டு முதல் வகை. 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் அந்த வெட்டோடு வந்த பனிச்சறுக்கு நடன வீராங்கனை டோரதி ஹாமில் சுழலும்போது பறந்த முடி திரும்ப அதே கோட்டில் வந்து உட்கார்ந்ததற்கு அந்தக் கனம்தான் காரணம். எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பால் மெக்ரெகர் நடிகை ஜேன் ஃபோண்டாவுக்கு வெட்டிய ஷாக் என்ற வெட்டு இரண்டாம் வகை. அதில் எங்கும் கனக் கோடு கிடையாது.

படியடுக்கு, அடுக்கு என்று வைத்தால் ஒன்று மற்றொன்றின் உட்பிரிவு போலத் தோன்றும். கிராஜுவேஷனுக்கு வேறு சொல் பாருங்கள்.

மடல் 3: தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புடையீர்,

பயிற்றுநர் சொன்னதைப் பார்த்தால் சிக்கல் இன்னும் ஆழமானது. அடுக்குமல்லி, அடுக்குமாடி, அடுக்குப்பாத்திரம் என எங்கும் ‘அடுக்கு’ என்றால் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கியிருப்பது. நுனிகள் நெருங்கி உட்கார்வது கிராஜுவேஷன் என்றால், அடுக்கு என்ற சொல் அதற்கல்லவா போக வேண்டும்? லேயருக்கு ‘விரிவெட்டு’ எனலாமே.

‘தூக்கிப் பிடி’ என்பதுதான் கடைப்பேச்சு என அறிகிறேன். ஆனால் தூக்குக்கோணம் என்றால் காதுக்கு நன்றாக இல்லை. உயர்த்துகோணத்தைவிட ‘ஏந்துகோணம்’ சுருக்கம். கையில் தாங்கிப் பிடிக்கும் பொருளும் அதில் உண்டு.

வழிகாட்டிமுடி நீளம். தையற்கடையில் அளவுச்சட்டை என்கிறோம், எதை வைத்து மற்றதை வெட்டுகிறோமோ அது. அந்த வழக்கில் ‘அளவுக்கற்றை’ எனலாம். பிரித்தெடுக்கும் மெல்லிய பகுதிக்கு வகிர் என்ற சொல் இருக்கிறது. வகிர்தல் என்றால் முடியைப் பிளந்து பிரித்தல். வகிடும் அதன் உறவுதான்.

மடல் 4: யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம்.

வால்யூமுக்குக் ‘கனவளவு’ என்று யாரும் சொல்ல முதல் சொல்லிவிடுகிறேன், எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் அதுதான் சொல். ஆனால் இங்கு பொருந்தாது. முடியில் ‘கனம்’ என்றால் பாரம், அதைக் குறைக்கத்தானே வெட்டுகிறோம். எழும்பல் நல்ல சொல்.

தின்னிங் கத்தரியால், அதாவது பல்கத்தரியால், முடியின் செறிவைக் குறைப்பதற்குச் சொல் கேட்கப்படவில்லை, ஆனாலும் வேண்டிவரும். தமிழ்நாட்டில் நீர்த்த அமிலம் என்பதை நாங்கள் ஐதான அமிலம் என்கிறோம். ஐது என்றால் செறிவில்லாதது. ‘ஐதாக்கல்’ என்று பாவிக்கலாம். கலைத்தல் என்றால் தலை கலைந்த பொருள் வந்துவிடும்.

மடல் 5: பயிற்றுநர்

ஏந்துகோணம், அளவுக்கற்றை, வகிர், ஐதாக்கல் நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். விரிவெட்டு வேண்டாம் ஐயா. உங்கள் இலக்கணம் சரிதான், ஆனால் பத்திரிகை அழகுக்குறிப்பிலும் கடைப் பேச்சிலும் லேயர் என்றால் அடுக்கு என்று நிலைத்துவிட்டது. வேரூன்றிய சொல்லை எதிர்த்திசைக்குத் திருப்பினால் மாணவிக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அடுக்கு லேயருக்கே இருக்கட்டும். கிராஜுவேஷனுக்குச் ‘சரிவு’ வையுங்கள். பக்கவாட்டில் நின்று பிடரியைப் பார்த்தால் நுனிகள் ஒரு சரிவாகத்தான் தெரியும்.

சொற்களை வேலையில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். நேரான, நடுத்தரத் தடிமன் உள்ள முடிக்கு இயலில் வரவேண்டிய பத்தி இது:

‘முடியை அலசித் துண்டால் ஒற்றி, ஈரம் சொட்டாத பதத்தில் சீவவும். ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறுகாதுவரை வகிடெடுத்து முன்பக்கத்தைக் கிளிப்பில் ஒதுக்கவும். பின்தலை நடுவில் 1 முதல் 1.5 செ.மீ. அகலத்தில் நெட்டு வகிர் ஒன்று எடுக்கவும். இதுவே முதல் அளவுக்கற்றை. பிடரி மயிர்க்கோட்டில் 4 செ.மீ. நீளம் வைத்து, ஏந்துகோணம் 45 பாகையில், பின்தலை எலும்பு மேடுவரை சரிவாக வெட்டவும். மேட்டைத் தாண்டியதும் ஏந்துகோணத்தை 90-க்கு மாற்றி அடுக்காக உச்சிவரை போகவும். உச்சியில் 8 முதல் 9 செ.மீ. இருக்க வேண்டும். அடுத்த வகிரை எடுக்கும்போது முந்தையதில் ஒரு மெல்லிய இழையைச் சேர்த்துப் பிடித்து, அதன் நீளத்துக்கு வெட்டவும்.

‘உச்சியிலிருந்து நெற்றியை நோக்கிக் குறுக்கு வகிர்களாக வரவும். நெற்றிமுடி நீளமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு வகிரையும் நேரே மேலே பிடிக்காமல் உச்சிப் பக்கமாகப் பின்சாய்த்துப் பிடித்து, உச்சியின் அளவுக்கே வெட்டவும். முன்னே வர வர நீளம் தானாகக் கூடும். காதின்மேல் முடியை இழுக்காமல், சீப்பால் வாரி விட்டு, விழுந்தபடியே வெட்டவும்.

‘நெட்டு வகிரில் வெட்டியதைக் குறுக்கு வகிரில் எடுத்துச் சரிபார்க்கவும். உலர்த்திய பிறகே நுனிகொத்தல்: கத்தரியை முடியின் போக்குக்கு ஏறக்குறைய இணையாகப் பிடித்து, 0.5 முதல் 1 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தவும்.’

இதில் பின்சாய்த்தல், ஓவர்டைரக்ஷனுக்கு. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். அளவுக்கற்றையிலும் இரண்டு வகை காட்ட வேண்டும். வகிருக்கு வகிர் நம்மோடு நகர்வது ‘நகர் அளவு’. உச்சியில் ஓரிடத்தில் நிற்க, மற்றதெல்லாம் அங்கே கொண்டுவரப்படுவது ‘நிலை அளவு’. மாணவிகள் அதிகம் தடுமாறும் இடம் இது. நிலை அளவு என்று சொல்லிக்கொண்டே கை நகர்ந்துவிட்டால் முன்முடி எதிர்பார்த்ததைவிட 3 செ.மீ. குட்டையாகிவிடும், திரும்ப ஒட்ட வழியில்லை.

மடல் 6: அழகுநிலையம் நடத்துபவர், மதுரை

பயிற்றுநர் அக்காவின் பத்தி வாய்விட்டு வாசிக்க ஓடுகிறது. நெட்டு வகிர், குறுக்கு வகிர் இரண்டும் காதுக்குப் பழகிவிடும்.

ஸ்டெப் கட் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. படிவெட்டு என்று ஒரு வெட்டுக்குப் பெயர் வைக்காதீர்கள். எங்களுக்குப் ‘படி’ என்பது குறை. மேல் அடுக்குக்கும் கீழ் ஓரத்துக்கும் நடுவில் இணைப்பு இல்லாமல் தட்டுப்போல் ஒரு கோடு தெரிந்தால் ‘படி விழுந்திருக்கு’ என்போம். 45-லிருந்து 90-க்குக் கோணத்தைச் சட்டென்று மாற்றும்போது எலும்பு மேட்டில்தான் இது விழும். நடுவில் ஒரு வகிரளவு 60, 70 என்று ஏற்றிக்கொண்டு போனால் விழாது. பத்தியில் அதைச் சேர்த்துவிடுங்கள். வாடிக்கையாளர் ஸ்டெப் கட் கேட்டால் எதிர்பார்ப்பது அடுக்குதான், அதனால் ஸ்டெப் கட் என்ற வழக்கை அடுக்கின் கீழ் குறித்தால் போதும்.

குறைகளின் பட்டியலில் இன்னும் மூன்று சொற்கள் வேண்டும்.

‘குழி’: நெற்றிப்பொட்டுப் பக்கத்திலும் காதுக்கு மேலும் இயல்பாகவே முடி ஐது. அங்கே மற்ற இடத்தைப் போலவே இழுத்து 90-இல் வெட்டினால் பள்ளம் விழும். ஆறேழு வாரம் காத்திருப்பதைத் தவிர வைத்தியமில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1.25 செ.மீ.தான் வளரும்.

‘உப்பல்’: எழும்பலும் இதுவும் ஒன்றல்ல. எழும்பல் உச்சியில் வேரிலிருந்து மேல்நோக்கி வருவது, கேட்டு வெட்டிக்கொள்வது. உப்பல் பக்கவாட்டில் காதுக்கு மேல் பந்துபோல் தள்ளுவது. தடித்த முடியில் உள் அடுக்கைக் கன்னா பின்னாவென்று குட்டையாக்கினால், அந்தக் குட்டை முடிகளே மேலே கிடக்கும் நீள முடியை வெளியே தள்ளும். ஐதாக்கலை வேருக்கு அருகே செய்தாலும் இதே கதி. வெட்டுப்பட்ட கட்டைமுடிகள் இரண்டு வாரத்தில் முள்ளாகக் கிளம்பி மேல்முடியைத் தூக்கும். பல்கத்தரி நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறக்கூடாது, ஒரே இடத்தில் இரண்டு முறை கடிக்கக்கூடாது.

‘சுழி’: இது நம்மிடமே இருக்கிற சொல், புதிதாக ஆக்க வேண்டாம். உச்சிச் சுழியைச் சுற்றி 6 செ.மீ.க்குக் கீழே குறைத்தால் முடி குத்திட்டு நிற்கும். இரட்டைச் சுழி என்றால் இன்னும் ஒரு செ.மீ. கூடுதலாக விட வேண்டும். ஈரத்தில் சுழியின் நிமிர்வு சரியாகத் தெரியாமல் போகலாம். அதனால் அலசுவதற்கு முன்பே உலர்ந்த தலையில் விரலால் துழாவிப் பார்க்கச் சொல்லுங்கள். என் கணிப்பில், இயலிலேயே மிக முக்கியமான வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

உலர்த்துவதற்கும் ஒரு வரி வேண்டும். எழும்பலைக் காட்ட, முடி விழும் திசைக்கு எதிராக வேரைத் தூக்கிப் பிடித்துச் சூடு காட்டி, ஆறியபிறகே கையை விட வேண்டும். சூட்டில் விட்டால் எழும்பல் அங்கேயே அமுங்கிவிடும்.

மடல் 7: யாழ்ப்பாணத்திலிருந்து

சுருட்டைமுடி எங்கே? மேலே தந்த நீளங்கள் எல்லாம் நேர்முடிக்கு. சுருட்டையை ஈரத்தில் இழுத்து 8 செ.மீ. என்று வெட்டினால், காய்ந்ததும் சுருள் ஏறி 5 ஆகக்கூடும். இதற்குச் ‘சுருளேற்றம்’ என்று ஒரு சொல் போடலாம். இறுக்கமான சுருளை உலர்நிலையில், சுருள் சுருளாக, அது இயல்பாகக் கிடக்கும் இடத்திலேயே வெட்டுவது பாதுகாப்பு.

மடல் 8: தொகுப்பாளர்

அடுக்கு, சரிவு, ஏந்துகோணம், அளவுக்கற்றை, வகிர், எழும்பல், ஐதாக்கல், பின்சாய்த்தல், சுருளேற்றம் ஆகியவற்றை ஏற்றிவிட்டேன். படி, குழி, உப்பல் மூன்றும் குறைகளின் பட்டியலில். சுழி பற்றிய வாக்கியத்தை இயலின் முதல் வரியாக்கிவிட்டேன். வெட்டின் பெயருக்கு ‘அடுக்குக் கிராப்பு’ என்று வைக்கிறேன். கிராப்பு கடன்சொல்தான், ஆனால் தமிழர் வாயில் பல தலைமுறையாகப் புழங்குவது. குட்டைமுடி என்றதும் எவருக்கும் விளங்கும்.

ஒரே ஒரு கேள்வி. படத்தில் ஏந்துகோணத்தைத் தரைக்கோட்டிலிருந்து குறித்திருக்கிறார் ஓவியர். சரிதானே?

மடல் 9: பயிற்றுநர்

இல்லை ஐயா, அதை மாற்றியே ஆக வேண்டும். கோணம் அந்தந்த இடத்துத் தலைத்தோலிலிருந்துதான். உச்சியில் 90 என்றால் முடி வானத்தைப் பார்க்கும். காதுக்கு மேல் 90 என்றால் சுவரைப் பார்க்கும். பிடரிக் குழிவில் 90 என்றால் சற்றே கீழ்நோக்கி இருக்கும். ஓவியரிடம் தலை வட்டத்தின்மேல் மூன்று இடத்தில் சிறு தொடுகோடு வரைந்து, கோணத்தை அந்தக் கோட்டிலிருந்து குறிக்கச் சொல்லுங்கள்.