தண்ணீரில் விழுந்த கைப்பேசி: அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கக் கூடாதோ?

நிழற்குடை:
துணி ஊறிக்கொண்டிருந்த வாளிக்குள் சட்டைப் பையிலிருந்து கைப்பேசி நழுவி விழுந்ததும், நான்கைந்து நொடிகளுக்குள் நான் அதை எடுத்துவிட்டதும் உங்களில் பலருக்கும் நேர்ந்திருக்கக்கூடியவைதான். என்னை இன்னும் உறுத்துவது அதற்கு அடுத்த நிமிடம். எடுத்தபோது திரை இருண்டிருந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் பவர் பொத்தானை அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது, பூட்டுத்திரையில் இருந்த என் அப்பாவின் படமும் தெரிந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், படத்தின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு நிழல் மெல்லப் படர்ந்து மேலேறி, அவருடைய மூக்குக்கண்ணாடி வரை வந்து நின்றது. பிறகு ஒருமுறை மினுக்கிவிட்டுத் திரை அணைந்தது. இரண்டு வாரங்களாக அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அவர் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை. அன்று அந்தப் பொத்தானைத் தொடாமல் இருந்திருந்தால் கைப்பேசி பிழைத்திருக்குமா?

கதவோரம்:
நான் நனைந்த கைப்பேசியை அரிசிப் பாத்திரத்தில் புதைத்தவன். மூன்று நாட்கள் கழித்து எடுத்தபோது கைப்பேசி நன்றாகவே இயங்கியது, ஆனால் சார்ஜர் முனை முழுவதுமாக உள்ளே போகவில்லை. பழுதுபார்ப்பவர் மெல்லிய ஊசி ஒன்றால் சார்ஜிங் துளைக்குள் நிதானமாகத் துழாவி, அரைக் குருணையையும், ஈரத்தில் குழைந்து காய்ந்த மாவையும் வெளியே எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தத் தாள்தான் இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஆயினும் கைப்பேசி பிழைத்துவிட்டதால் அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்புளி:
கதவோரம் அவர்களே, உங்கள் கைப்பேசியைக் காப்பாற்றியது அரிசி அல்ல; மூன்று நாட்கள் நீங்கள் அதைத் தொடாமல் இருந்ததுதான். காற்றோட்டமுள்ள மேசையின் மேல் சும்மா வைத்திருந்தாலும் அது அதே அளவுக்கு, அல்லது அதைவிட நன்றாகவே, உலர்ந்திருக்கும். அரிசித் துகள்கள் கருவியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் தன் உதவிக் குறிப்பில் எச்சரித்திருந்தது. நான் இந்தத் தொழிலில் இருப்பவன். அந்த எச்சரிக்கை வருவதற்கு முன்பே குருணை எடுத்து அலுத்துவிட்டேன்.

நிழற்குடை கேட்டதற்கு வருகிறேன். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும்; அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன, சோப்புத் தண்ணீரில் அவை ஏராளம். அத்துடன் சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், வெறும் தண்ணீர் நுழையத் தயங்கும் இடுக்குகளிலும் அது புகுந்துவிடும். ஈரமான போர்டில், அதாவது கைப்பேசிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில், மின்சாரம் பாயும்போது மின்முனைகளிலுள்ள உலோகம் கரைந்து வேறிடத்தில் படிகிறது. போர்டில் மின்சாரம் ஓடும் மெல்லிய தடங்கள் அரிபடுகின்றன, இணையக் கூடாத தடங்கள் இணைந்துவிடுகின்றன. பொத்தானை அழுத்தியது தவறுதான். ஆனால் அழுத்தாமல் இருந்திருந்தாலும் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, ஏனெனில் அணைத்த பின்பும் பேட்டரி இணைப்பில் இருக்கும் வரை போர்டின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நனைந்த கைப்பேசியைத் திறந்ததும் நாங்கள் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறோம். பிறகே, விரைவில் ஆவியாகிவிடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தால் போர்டைக் கழுவுகிறோம்.

யாரும் கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஹேர் டிரையர் வேண்டாம். அதன் சூடு திரையை ஒட்டியிருக்கும் பசையை இளக்கும், அதன் காற்று நீரை இன்னும் உள்ளே தள்ளும். ஓங்கி உதறவும் வேண்டாம். அணைத்து, துடைத்து, சார்ஜிங் துளை கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை அமுக்கிப் பார்க்காமல், சார்ஜும் போடாமல், நேராகக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். என் சொந்த அனுபவம் என்றால் ஒரே வரிதான்: என் கைப்பேசியை நானே துவைக்கும் இயந்திரத்தில் போட்டிருக்கிறேன்.

அலைவாய்:
திருப்புளி அவர்கள் உலர்த்துவதைப் பற்றியே பேசுகிறார். கடல் நீருக்கு அது மட்டும் போதாது என்பதை நான் ஏற்கெனவே அனுபவித்துவிட்டேன். தூசியையும் நீரையும் தாங்கும் திறனைக் குறிக்கும் ஐபி68 தரச் சான்று இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அலைக்குள் கைப்பேசியை அமிழ்த்திப் படம் எடுத்தேன். படங்கள் அருமையாக வந்தன. துடைத்துவிட்டு உலர வைத்தேன். மறுநாள் காலையில் ஸ்பீக்கர் வலைக்கண்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, அழைத்தவரின் குரல் கிழிந்த காகிதம் காற்றில் அடிப்பதைப் போலக் கேட்டது. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள். ஐபி68இல் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளர் தீர்மானிக்கிறார். இரண்டுமே ஆய்வகத்தில், நன்னீரில் செய்யப்படும் சோதனைகள். வாங்கியபோது இருந்த, நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு, நாள்பட்ட பிறகும், கீழே விழுந்து அடிபட்ட பிறகும் அப்படியே இருக்காது. நீர்த்தடுப்பு உள்ள கைப்பேசி உப்பு நீரில் நனைந்தால் முதலில் நல்ல தண்ணீரால் மெல்ல அலசிவிட்டு, பிறகுதான் உலர்த்த வேண்டும்.

திருப்புளி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசியை யாரும் அலசிவிட வேண்டாம்.

பின்னிரவு:
எனக்குக் கைப்பேசியே எச்சரிக்கை காட்டியது. மழையில் நனைந்து வந்து கேபிளைச் செருகியதும், துளையில் ஈரம் இருப்பதாகத் திரையில் செய்தி வந்தது. பேட்டரி 3 சதவீதம், ஒரு முக்கியமான அழைப்பு வரவேண்டியிருந்தது. செய்தியை ஒதுக்கிவிட்டு, கேபிளைக் கழற்றிக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டே இருந்தேன். சற்று நேரத்தில் ஒரு தீய்ந்த வாடை வந்தது. கேபிள் முனையில் ஒரே ஒரு முள் மட்டும் கறுத்திருந்தது. அழைப்பும் வந்தது, இரண்டாவது வாக்கியத்தில் கைப்பேசி அணைந்துவிட்டது. அரை மணி நேரமாவது பொறுத்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

நிழற்குடை:
திருப்புளி அவர்களின் பதிவைப் படித்த அன்றே கடைக்குப் போனேன். போர்டில் சார்ஜிங் பகுதியை ஒட்டி வெளிர்பச்சைப் படிவு இருந்தது. நான் கண்ட அந்த நிழல், திரையின் அடுக்குகளுக்கிடையே ஏறிய நீர் என்றார் பழுதுபார்ப்பவர். படிவைக் கழுவி, வேறொரு திரையைத் தற்காலிகமாக இணைத்து, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் கைப்பேசி உயிர்பெற்றது. பதிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் தேதியையும் பார்த்தேன். ஸ்பீக்கர் போய்விட்டதால் அங்கே எதையும் கேட்க முடியவில்லை. வேறு கைப்பேசிக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறார், மாலையில் வரச் சொல்லியிருக்கிறார்.