விண்வெளியில் மூலக்கூறுகள் புற ஊதா ஒளிக்கு எப்படித் தப்பிக்கின்றன?

மொட்டைமாடி:
நேற்று வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் யூவி விளக்கு மாற்ற வந்தவர், "கிருமியோட டிஎன்ஏவையே கெடுத்துடும் சார்" என்றார். சரி, டிஎன்ஏ கெடுகிறது, தண்ணீர் மட்டும் ஏன் உடையவில்லை? நட்சத்திரங்களுக்கு நடுவே இதைவிடக் கடுமையான புற ஊதா ஒளி இருக்கிறதே, அங்கே மூலக்கூறுகள் எப்படி மிஞ்சுகின்றன?

பழைய லேப்காரன்:
உங்கள் விளக்கு விடும் ஒளியின் அலைநீளம் 254 நானோமீட்டர்; அலைநீளம் குறையக் குறைய ஒளி கடுமையாகும். தண்ணீர் அதைச் சட்டை செய்யாது. சுமார் 190க்குக் கீழே போனால்தான் விழுங்கி உடையும். விண்வெளியிலோ 91.2 வரைக்கும் வருகிறது. அதற்கும் கீழே உள்ளதை ஹைட்ரஜன் அணுக்கள் தின்றுவிடும். திறந்தவெளியில் மாட்டிய தண்ணீர் மூலக்கூறின் ஆயுள் சில பத்தாண்டுகள்தான்.

மிஞ்சுவதற்கு முதல் காரணம் தூசு. பால்வீதியில் கறுப்புத் திட்டுகளாகத் தெரிகிறதே, அந்த மேகங்களுக்குள் புற ஊதா ஒளி நுழைய முடியாது. அப்புறம், ஹைட்ரஜன் மூலக்கூறும் கார்பன் மோனாக்சைடும் குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டுமே விழுங்கும். விளிம்பில் நிற்பவை அவற்றைத் தின்று தீர்த்துவிட, உள்ளே இருப்பவை பிழைக்கின்றன. 'படைக்குப் பிந்து' என்பார்களே, அதேதான். ஹைட்ரஜன் கூடுதல் கெட்டி: பத்துத் தடவை விழுங்கினால் ஏறக்குறைய ஒரு தடவைதான் உடையும், மற்றபடி அதிர்ந்துவிட்டு அப்படியே இருக்கும்.

மொட்டைமாடி:
அப்போ உள்ளே கும்மிருட்டா?

பழைய லேப்காரன்:
முழுக்க இல்லை. காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியில் படுவேகமாகப் பறக்கும் துகள்கள், உள்ளே புகுந்து ஹைட்ரஜனைத் தாக்க, அதுவே மங்கலாகப் புற ஊதா ஒளி விடும். 1983இல் பிரசாத், தராஃப்தார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எடுத்துச் சொன்னது இது.

வால்நட்சத்திரம்:
உடைப்பதையே பேசுகிறீர்களே! ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தில், 1,350 ஒளியாண்டு தொலைவில், டி203-506 என்று ஒரு வட்டு இருக்கிறது; இளம் நட்சத்திரத்தைச் சுற்றும் வாயுவும் தூசும்தான் அது. நடுவில் ஒரு செங்குள்ளன், அதாவது சின்ன, மங்கலான சிவப்பு நட்சத்திரம். பக்கத்துப் பெரிய நட்சத்திரங்கள் அதன்மேல் புற ஊதா ஒளியைக் கொட்டுகின்றன. 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அங்கே மெத்தில் அயனியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த, மின்னூட்டம் உள்ள மூலக்கூறு) கண்டுபிடித்தது. விண்வெளியில் அது சிக்கியது அதுவே முதல் தடவை. பெரிய கார்பன் மூலக்கூறுகளுக்கு அது ஒரு படிக்கட்டு. அது உருவாகத் தேவையான ஆற்றலைக் கொடுத்ததே புற ஊதா ஒளிதான்.

பழைய லேப்காரன்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே வட்டில் அப்போது தண்ணீர் தென்படவில்லை, அதையும் சொல்லுங்கள்.

வால்நட்சத்திரம்:
சொல்கிறேன். 2024 ஆய்வுப்படி, பூமியின் கடல்கள் அத்தனைக்கும் ஈடான தண்ணீர் அங்கே மாதாமாதம் உடைந்து, திரும்பவும் உருவாகிறது.

மொட்டைமாடி:
மாதாமாதமா! என் ஃபில்டர் பன்னிரண்டு லிட்டருக்கே மூச்சு வாங்குகிறது.