ஜன்னலடியில் ஊசிக்கலா

கோத்தகிரியில் எங்கள் வீட்டைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலான சைப்ரஸ் வேலி இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மூடுபனி இறங்கிய ஒரு மார்கழி இரவில், நாங்கள் ஊரில் இல்லாதபோது, பின்பக்க ஜன்னல் கம்பியை அறுத்துத் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். வேலியின் உட்புறத்தில் ஏழெட்டு பீடித் துண்டுகள் கிடந்தன. நாங்கள் மறைவுக்காக வளர்த்த வேலி அவர்களுக்கும் மறைவாக இருந்திருக்கிறது.

பதற்றத்தில் சைப்ரஸை இடுப்பளவுக்கு வெட்டினோம். இலையற்ற பழைய கட்டையில் அது மீண்டும் துளிர்ப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டுப்போன மரங்களை வேரோடு எடுக்க வேண்டியதாயிற்று.

மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்செடியை வைக்குமாறு சிலர் சொன்னார்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அந்தச் செடி நீலகிரியின் புல்வெளிகளை விழுங்கிவருகிறது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். உண்ணிச்செடியும் அப்படிப்பட்டதே. நம் வீட்டைக் காக்க மலையைக் கெடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இந்த மலையில் இயல்பாக வளரும் ஊசிக்கலா என்ற முட்புதரைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு கணுவிலும் மூன்றாகப் பிரிந்த முள்ளும், ஓரத்தில் கூரான பற்கள் கொண்ட தடித்த இலையும் இருப்பதால், கையை நுழைக்கவே யாரும் தயங்குவார்கள். தண்டைச் சுரண்டினால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள் தெரியும். காட்டிலிருந்து பிடுங்காமல் நாற்றுப்பண்ணையில் கன்றுகள் வாங்கி, ஜூன் மழை தொடங்கியதும், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டடி இடைவெளியில் இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி நட்டோம். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் பொறுமை வேண்டும். ஜன்னலின் கீழ் விளிம்புக்கு மேலே வளரவிடுவதில்லை. அதற்கு மேல் விட்டால் பழைய மறைவு திரும்பிவிடும். கவாத்து செய்த குச்சிகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். ஒருமுறை விட்டுவிட்டதில் என் மாமியாரின் ரப்பர் செருப்பைத் துளைத்து முள் காலில் ஏறியது.

காட்டெருமைகள் வழக்கமாகப் போகும் ஓடைப் பக்கத்தில் எதையும் நடவில்லை. அவற்றின் தடத்தை அடைத்தால் செடியும் மிஞ்சாது, மனிதருக்கும் ஆபத்து.

கடந்த ஐப்பசியில் ஒரு காலை, அதே ஜன்னலின் கீழே முட்களில் கைலித் துணி கிழிந்து தொங்கியது. ஈர மண்ணில் வந்த காலடிகள் அங்கேயே திரும்பியிருந்தன. கம்பியில் ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர்த் தொட்டியருகே மட்டும் வரிசையில் இரண்டு கன்றுகள் பட்டுப்போய் இடைவெளி விழுந்திருக்கிறது. வரும் ஜூனில் அதையும் நிரப்பவிருக்கிறோம்.