மஞ்சள் கடைத் தளத்துக்கு மஞ்சள் பின்னணி சரியாக வருமா?

ஈரோட்டுப் பெண்:
எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறது. மஞ்சள்தூளும் குங்குமமும் நேரடியாக விற்க இப்போது ஓர் இணையதளம் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். நிறத்தில்தான் வீட்டில் தகராறு. பக்கம் முழுக்கப் பளிச்சென்ற மஞ்சள், எழுத்தெல்லாம் குங்குமச் சிவப்பு என்கிறார் அப்பா. கருப்பு எழுத்து என்றால் "மங்கலப் பொருளுக்குக் கருப்பா?" என்று எழுந்து போய்விடுகிறார். அதை வெறும் நம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. எங்களிடம் வாங்குகிறவர்கள் கல்யாணத்துக்கும் பூஜைக்கும்தான் வாங்குகிறார்கள். ஆனால் செல்பேசியில் திறந்தால் கண் கூசுகிறது. என்ன செய்யலாம்?

அச்சுக்காரன்:
அப்பாவின் கண் சரியான கண். அவர் காகிதத்தை நினைத்துப் பேசுகிறார், நீங்கள் திரையில் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான் வேறுபாடு. சிவகாசியில் வண்ணப் பிரிப்பு வேலை பார்த்துவிட்டு இணைய வடிவமைப்புக்கு வந்தவன் நான். காகிதத்தில் இருக்கும் மஞ்சள், அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரையில் மஞ்சள் என்று தனியாக ஒளிப்புள்ளியே கிடையாது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் சேர்ந்து முழு வேகத்தில் எரிகின்றன. வெள்ளைக்கு அடுத்தபடியாகப் பிரகாசமான நிறம் அது. கூசத்தான் செய்யும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளையில் கருப்பு எழுத்து என்றால் 21:1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும் என்று, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. முழு மஞ்சளில் முழுச் சிவப்பு ஏறத்தாழ 3.7:1. ஆகவே கடைப் பெயரைப் பெரிதாகச் சிவப்பில் போடலாம். விலை, எடை, அனுப்பும் செலவு போன்றவற்றைப் போடக் கூடாது. மஞ்சளில் வெள்ளை எழுத்து 1.07:1 தான், அந்தப் பேச்சே வேண்டாம்.

கருப்புக்குப் பதில் அரக்கு வையுங்கள். #800000 என்ற நிறக் குறியீடு கொண்ட அரக்கு வெள்ளையில் ஏறத்தாழ 11:1 தரும்; முழு மஞ்சளிலும் 10-க்கு மேல் நிற்கும். முகூர்த்தப் புடவையில் இருக்கும் நிறத்தை அப்பா மறுக்க மாட்டார். பின்னணிக்கு வெளுத்த சந்தன நிறம். அடர்மஞ்சளைத் தலைப்புப் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவுவதுபோல.

இதைவிட முக்கியமானது ஒன்று. மஞ்சள் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதன் நிறத்தை. சுற்றியுள்ள நிறத்தை ஒட்டித்தான் கண் எந்த நிறத்தையும் எடைபோடும். அடர்மஞ்சள் பக்கத்தில் உங்கள் தூளின் படத்தை வைத்தால், நல்ல சரக்கும் வெளிறித் தெரியும். படத்தைச் சுற்றி வெள்ளையோ மெல்லிய சாம்பலோ விடுங்கள். இதில் மட்டும் அப்பாவுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

வலைநெசவு:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இணைப்புகளுக்கு அடிக்கோட்டை எடுத்துவிடாதீர்கள். 1993-இல் வந்த மொசைக் உலாவி காலத்திலிருந்து நீல எழுத்தும் அடிக்கோடும் என்றால் அழுத்தலாம் என்று மக்கள் பழகியிருக்கிறார்கள். அரக்கில் இணைப்பு வைத்தால் நீலம் போய்விடும், கோடாவது இருக்கட்டும்.

மதுரை வாசகன்:
எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் ஸக்கர்பெர்க்கும் அப்படித்தான், அந்தத் தளத்தின் நீலத்துக்கு அதுவே காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பல கடைகளில் சரக்கு இருந்தால் பச்சைப் புள்ளி, தீர்ந்துவிட்டால் சிவப்புப் புள்ளி. எனக்கு இரண்டும் ஒரே மங்கல் பழுப்பு. தயவுசெய்து புள்ளிக்குப் பக்கத்தில் "இருப்பு உள்ளது", "தீர்ந்துவிட்டது" என்று எழுதுங்கள். படிவத்தில் தொலைபேசி எண் தவறினால் கட்டத்தின் ஓரத்தை மட்டும் சிவப்பாக்கும் வழக்கமும் வேண்டாம். எத்தனை இலக்கம் குறைகிறது என்று சொல்லிவிட்டால் நான் திருத்திக்கொள்வேன்.

ஈரோட்டுப் பெண்:
மிக்க நன்றி. சந்தனப் பின்னணியில் அரக்கு எழுத்தைப் போட்டுக் காட்டினேன்; அப்பா கண்ணாடியைப் போடாமலே விலையைப் படித்தார். இருப்பு விவரத்தையும் சொல்லாக மாற்றிவிட்டேன். ஒரே ஐயம்: "வாங்கு" பொத்தானாவது குங்குமச் சிவப்பில் இருக்கட்டும் என்கிறார்.

அச்சுக்காரன்:
இருக்கட்டும். ஆனால் முழுச் சிவப்பில் வெள்ளை எழுத்து 4:1 தான் வரும், 4.5-ஐத் தொடாது. சிவப்பைச் சற்று ஆழமாக்குங்கள், அல்லது எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்குங்கள். பக்கத்தில் வேறெதற்கும் அந்தச் சிவப்பைத் தொடாதீர்கள். குங்குமப் படம் மட்டும் விலக்கு.