நீர்க்காகத்துக்கு எண்ணெய்ச் சுரப்பி இல்லையாம்!

ஏரிக்கரையான்: வேடந்தாங்கல் படம் ஒன்றின் கீழ் ஒரு மேதை எழுதியிருக்கிறார்: "நீர்க்காகத்துக்கு எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, அதனால்தான் சிறகை விரித்துக் காயவைக்கிறது." வாலடியில் சுரப்பி இருக்கிறது ஐயா! அலகால் அதைத் தேய்த்துத் தேய்த்து இறகில் பூசுவதைப் பார்த்ததே இல்லையா?

சதுப்புநிலவன்: அந்த மேதை நான்தான். சுரப்பி இருந்தால் ஏன் நனைகிறது? வாத்து நனைகிறதா?

ஏரிக்கரையான்: நனைவது இறகின் அமைப்பால். ஒவ்வோர் இறகிலும் ஓரம் தண்ணீரை ஏற்கும், நடுப்பகுதி ஏற்காது. உடலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் மட்டும் மிஞ்சும். மிதப்பு குறைவதால் முங்கி மீன் பிடிப்பது எளிது. சுரப்பி இருக்கிறது.

சதுப்புநிலவன்: நனைந்தால் காயவைக்கத்தானே வேண்டும்? நான் சொன்னதும் அதுதான்.

ஏரிக்கரையான்: நீங்கள் சொன்னது "சுரப்பி கிடையாது". பேச்சை மாற்றாதீர்கள்.

மீன்குட்டைக்காரன்: சுரப்பி இருந்தால் என்ன, தொலைந்தால் என்ன? விடிந்ததும் நாற்பது நீர்க்காகம் கூட்டமாக என் குட்டையில் இறங்குகிறது. கெண்டையைத் தூக்கிப்போட்டுத் திருப்பி, முள் குத்தாமல் தலை முதலில் விழுங்குகிறது. வலை கட்டிய செலவை யார் தருவார்?

நீர்க்கடம்பு: வேடந்தாங்கல்காரர்களைக் கேளுங்கள் அண்ணா. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காக்கிறார்கள். 1858-லேயே செங்கல்பட்டு கலெக்டர் உத்தரவு இருந்தது.

மீன்குட்டைக்காரன்: எச்சம் அவர்கள் வயலுக்கு, மீன் என் குட்டையிலிருந்து. நல்ல பங்கீடு!

சதுப்புநிலவன்: கலாபகஸ் தீவின் நீர்க்காகம் பறக்கவே பறக்காது. அதுவும் குட்டைச் சிறகை விரித்து நிற்கிறது. இதற்கென்ன பதில்?

ஏரிக்கரையான்: அதற்கும் சுரப்பி இருக்கிறது என்பதே பதில். போன வருடம் பாம்புத்தாராவைப் படமெடுத்து நீர்க்காகம் என்று போட்டவர்தானே நீங்கள்? அலகு நுனி கொக்கியாக வளைந்தால் நீர்க்காகம், ஈட்டியாக நீண்டால் பாம்புத்தாரா. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சதுப்புநிலவன்: அந்தப் படம் மாலை வெளிச்சத்தில் எடுத்தது! இரண்டும் சிறகு விரிக்கும். அதை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறீர்களா?

நீர்க்கடம்பு: இருவரும் சற்று நிதானமாக...

ஏரிக்கரையான்: நிதானம் இருக்கட்டும். சுரப்பி உண்டா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

சதுப்புநிலவன்: படம் காட்டுங்கள், பார்க்கலாம்.

ஏரிக்கரையான்: வாலைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க அது என் வீட்டுக் கோழியா?

மீன்குட்டைக்காரன்: பிடிப்பதாக இருந்தால் என் குட்டைக்கு வாருங்கள். நாற்பதையும் கொண்டு போங்கள்.