'ஆப்-எட்' என்றால் தலையங்கமா?

கேள்வி (கரோல்பாக் வாசகர்):
வணக்கம். தில்லியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஆங்கில நாளிதழ்க் கட்டுரைகளைத் தமிழாக்கித் தருகிறேன். 'ஆப்-எட்' என்று வருமிடமெல்லாம் 'தலையங்கம்' என்றே எழுதிவந்தேன். வெளியாள் ஒருவர் எழுதிய கட்டுரையை, நாளிதழே அரசைக் கண்டித்துத் தலையங்கம் தீட்டியதாக ஆக்கிவிட்டேன் என்று மேலாளர் சென்ற வாரம் கடிந்துகொண்டார். அந்த 'ஆப்', 'ஒப்பீனியன்' என்பதன் சுருக்கம்தானே?

மறுமொழி (ஓய்வுபெற்ற துணையாசிரியர், ஆர்.கே.புரம்):
இல்லை. 'ஆப்போசிட்' என்பதன் சுருக்கம் அது. தலையங்கப் பக்கத்துக்கு எதிரே அமையும் பக்கம் என்பதே பொருள். தலையங்கத்தில் எழுதியவர் பெயர் இராது, ஏனெனில் அது நாளிதழின் குரல். எதிரேயுள்ள கட்டுரைக்குப் பெயரிட்டவரே பொறுப்பு. 1921இல் 'நியூயார்க் வேர்ல்டு' இதழின் ஹெர்பர்ட் பேயர்ட் ஸ்வோப், இரங்கற் குறிப்பும் நூல் மதிப்புரையும் கலந்துகிடந்த அந்தப் பக்கத்தைக் கருத்துக் கட்டுரைகளுக்கு ஒதுக்கினார் என்றாலும், எழுதியவர்கள் பெரும்பாலும் அவருடைய அலுவலகத்தாரே. வெளியாருக்கு அந்த இடத்தை முறையாகத் திறந்துவிட்டது, 1970 செப்டம்பர் 21 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' தொடங்கிய பக்கம்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர், முனிர்க்கா):
ஐயா சொன்னதை ஒட்டி 'எதிர்ப்பக்கக் கட்டுரை' என்று எழுதிவிடாதீர்கள். எதிர்வீட்டிலும் எதிர்க்கட்சியிலும் இருப்பது ஒரே 'எதிர்' என்பதால், தலையங்கத்தை மறுக்கும் கட்டுரை என்றே வாசகர் கொள்வார். தினமணி படித்து வளர்ந்தவர்களுக்கு 'நடுப்பக்கக் கட்டுரை' என்றாலே விளங்கிவிடும். (வார இதழ்களின் நடுப்பக்கத்தில் நடிகை படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எப்படியோ!)

கேள்வி கேட்டவர்:
நான் பெயர்ப்பவை இணையத்தில் வருபவை. அங்கே நடுவும் இல்லை, எதிரும் இல்லையே?

மறுமொழி (ஓய்வுபெற்ற துணையாசிரியர்):
அதே காரணத்தைச் சொல்லித்தான் 'நியூயார்க் டைம்ஸ்' 2021இல் 'ஆப்-எட்' என்ற பெயரைக் கைவிட்டு, வெளியார் எழுதுவதை 'விருந்தினர் கட்டுரை' என்று அழைக்கத் தொடங்கியது. ஆனால் பல இதழ்களில் அந்தப் பக்கத்தில் அலுவலகப் பத்தியாளர்களும் எழுதுவதால், எல்லாவற்றையும் விருந்தினர் கணக்கில் சேர்க்க இயலாது. 'கருத்துக் கட்டுரை' என்று எழுதி, எழுதியவர் பெயரையும் பணியையும் முதல் வரியிலேயே தாருங்கள். 'நாளிதழ் கூறுகிறது' என்பதைக் 'கட்டுரையாளர் கூறுகிறார்' என்று மாற்றினாலே மேலாளரின் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ஏற்கெனவே அனுப்பிய மூன்று கட்டுரைகளுக்கு இன்றே திருத்தம் அனுப்புகிறேன்.