பழைய கோல்ட் ரிவால்வரை வாங்கும் முன் ஓர் ஐயம்

வணக்கம். நான் கோலாலம்பூரில் உரிமம் பெற்றுச் சுடும் பயிற்சி செய்துவருபவன். எங்கள் கிளப்பின் மூத்தவர் ஒருவர் தம்முடைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரை எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். .357 மேக்னம் வகைத் தோட்டா, ஐந்தரை அங்குலக் குழல். வரிசை எண் 40,000ஐச் சற்றுத் தாண்டி எஸ்.ஏ. என முடிவதால், 1956இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறைத் தயாரிப்பைச் சேர்ந்தது. அலமாரியில் வைத்து அழகு பார்க்க அன்று, சுடுவதற்காகவே அதை வாங்க விரும்புகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன், சுழலும் சிலிண்டரின் ஆறு தோட்டா அறைகளும் காலி என்று உறுதி செய்துகொண்டு ஹேமரை (சுடுவதற்காகப் பின்னிழுக்கும் சுத்தியலை) கட்டைவிரலால் மெதுவாகப் பின்னிழுத்துப் பார்த்தேன். நான்கு அறைகளில் சிலிண்டர் கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது; அடுத்தடுத்த இரண்டு அறைகளில் மட்டும், ஹேமர் முழுதாகப் பின்சென்று நின்ற பிறகும் சிலிண்டர் மயிரிழை அளவு பிந்தியே நிற்கிறது, விரலால் லேசாகத் தள்ளினால்தான் சிலிண்டரைப் பூட்டும் போல்ட் அதன் பள்ளத்தில் விழுகிறது. வேகமாக இழுத்தால் ஆறும் பூட்டிக்கொள்கின்றன.

சிலிண்டரையும் அதன் நடு அச்சையும் கழற்றித் துடைத்து எண்ணெய் இட்டும் மாற்றமில்லை. துப்பாக்கி பழுதுபார்ப்பவர், சிலிண்டரைச் சுழற்றும் ஹேண்ட் தேய்ந்துவிட்டது என்கிறார். அப்படியானால் ஆறு அறைகளுமே பிந்த வேண்டாமா என்று எனக்குத் தோன்றுகிறது. சுடுதளப் பெரியவரோ ஹேண்ட் தள்ளும் சிலிண்டரின் பின்புறப் பற்களையே குறை சொல்கிறார். உதிரிபாகத்தைத் தருவிக்கவும் அனுமதி பெற வேண்டும் என்பதால், சோதித்துப் பார்க்கலாம் என்று வாங்க இயலாது. மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு அறைகளில் மட்டும் பிந்தும் இந்த ரிவால்வருக்குச் சற்று நீளமான புதிய ஹேண்ட் பொருத்தினால் போதுமா, சிலிண்டரையே மாற்ற வேண்டியிருக்குமா?